எறும்பின் பெயரால் ஓர் அணி



திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்திற்கு ‘அந்நம்ல்’ என்று பெயர். எறும்புகள் என்பது அதன் பொருள். நபி ஸுலைமான் (அலை) அவர்கள் தம் பெரும்படையுடன் ஒரு பள்ளத்தாக்கின் வழியே வருகிறார்கள். அதைக் கண்ட ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரிக்கிறது. எல்லோரும் புற்றுகளுக்குள் சென்றுவிடுங்கள், படையினர் அறியாமலேயே உங்களை மிதித்துவிடக் கூடும் என்பது அதன் எச்சரிக்கையின் சாரம். அதைக் கேட்டுப் புரிந்துகொண்ட நபியவர்கள் புன்னகைக்கிறார்கள். உடனே, தமக்கும் தம் பெற்றோருக்கும் அருளப்பட்ட பாக்கியங்களுக்கு நன்றி செலுத்தும் நற்பேற்றைத் தருமாறு தம் இறைவனிடம் கையேந்துகிறார்கள்.

இந்த வசனத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு விளக்கி வருகிறேன். எறும்பு தான் மட்டும் ஓடி ஒளியவில்லை. தன் சமுதாயத்தை அழைத்தது. ‘அறியாமல்’ என்று சொன்னதன் மூலம், எதிரே வருபவர்கள்மீது வீண்பழி சுமத்தாமல் நல்லெண்ணம் கொண்டது. இவ்விரண்டையும் நம் உலமாக்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். ஆனால் இதே எறும்பு, ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள ஒரு தீவில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றின் பெயராக விளங்குகிறது என்பதை 2024ஆம் ஆண்டு ரமளானுக்குச் சற்று முன்னர்தான் அறிந்தேன். சொன்னவன் என் ஹிஃப்ழு வகுப்பு மாணவன்.

எங்கள் மதரஸா முற்றத்தில், ஒற்றைக் கம்பத்தில் கட்டிய கூடைப்பந்து வளையம் ஒன்று உண்டு. அஸருக்குப் பின் பிள்ளைகள் அதனடியில்தான் கூடுவார்கள். அவர்களில் இவன் எல்லோருக்கும் முந்தி வருபவன். ஓதலிலோ எல்லோருக்கும் பிந்தியவன். சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகியும் ஒன்பது ஜுஸ்உகளைத்தான் முடித்திருந்தான். அவனுடன் சேர்ந்தவர்கள் இருபதைத் தாண்டியிருந்தனர். ஒருநாள் அவன் தந்தை வந்து, “ஹஜரத், இவனுக்கு ஓதல் வராது போலிருக்கிறது. எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. நோன்பு முடியும்வரை பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் ‘அந்நம்ல்’ அத்தியாயத்தின் விளக்கம் முடிந்தபின் இவன் எழுந்து, “ஹஜரத், எறும்பின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு டீம் விளையாடுகிறது. அப்படிப் பெயர் வைப்பதில் குற்றம் உண்டா?” என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தனர். குற்றமில்லை என்று சொல்லி அமரச் செய்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த அணியைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டாஸ்மேனியா, ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து பாஸ் நீரிணையால் பிரிக்கப்பட்ட தீவு மாநிலம். மக்கள்தொகை சுமார் 5.7 லட்சம். மெல்போர்ன் என்ற ஒற்றை நகரத்திலோ 50 லட்சம் பேர் வாழ்கின்றனர். ஆஸ்திரேலியாவின் தேசியக் கூடைப்பந்துத் தொடர் 1979இல் தொடங்கியது. 1981இல் டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகர அணி சாம்பியன் பட்டம் வென்றதுண்டு. ஆனால் அந்த அணி நீடிக்கவில்லை. பின்னர் வந்த ஹோபார்ட் அணியும் 1996இல் தொடரிலிருந்து விலகியது. அதன்பின் கால்நூற்றாண்டுக் காலம் அந்தத் தீவுக்கென்று ஓர் அணி இல்லை. மற்ற நகரங்களின் அணிகளைத்தான் அத்தீவின் பிள்ளைகள் தம்முடையவை என்று எண்ணிக்கொள்ள வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில்தான் டாஸ்மேனியா ஜாக்ஜம்பர்ஸ் என்ற புதிய அணி களமிறங்கியது. ஜாக் ஜம்பர் என்பது அம்மண்ணில் வாழும் ஓர் எறும்பினம். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். ஊர்ந்து செல்வதோடு துள்ளியும் குதிக்கும். ஆகையால்தான் அந்தப் பெயர். கடித்துப் பிடித்துக்கொண்டு கொடுக்கால் கொட்டும். டாஸ்மேனிய மக்களில் நூற்றுக்கு மூவர் அளவில் அந்த நஞ்சுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் என்று கணித்திருக்கிறார்கள். அத்தகையோருக்கு அதே நஞ்சை மிகச் சிறிய அளவில் செலுத்திப் படிப்படியாக உடலைப் பழக்கும் சிகிச்சையும் அந்தத் தீவிலேயே நடைபெறுகிறது. சிங்கம், புலி, கழுகு என்று அணிகள் பெயர் சூட்டிக்கொள்ளும் உலகில், காலடியில் கிடக்கும் எறும்பைத் தேர்ந்தார்கள் அத்தீவினர்.

எறும்பை அற்பமாக எண்ணாதவர்கள் நாம். முற்கால நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்ததற்காக அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தபோது, ஒன்று கடித்ததற்காக இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டீரா என்று அவர் கண்டிக்கப்பட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. எறும்பைக் கொல்ல வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியும் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. எறும்புகளைச் ‘சமுதாயம்’ என்றே நம் மார்க்கம் குறிப்பிடுகிறது. தனியொரு எறும்பின் வலிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எறும்பென்றால் அதன் வரிசைதான் நம் நினைவுக்கு வரும்.

இந்த அணியின் வரலாற்றிலும் அதைத்தான் காண்கிறேன். தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றவர் ஸ்காட் ராத் என்ற அமெரிக்கர். ‘தீவைக் காப்போம்’ என்பதுதான் அணியின் முழக்கம். கூடையில் பந்தைப் போடுவதைப் பெரிதாகப் பேசும் ஆட்டத்தில், காத்து நிற்பதையே தன் அடையாளமாகக் கொண்டது இந்த அணி. கூடைப்பந்து அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பந்தைப் போடுபவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். எதிராளியின் வழியை மறித்து நின்றவர், சகவீரர் ஏமாந்த இடத்தில் ஓடிவந்து நிரப்பியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் ஐவரில் ஒருவர் சோம்பினாலும் அந்த அரண் உடைந்துவிடும். ஜமாஅத்துத் தொழுகையில் ஸஃப்பில் இடைவெளி விடாதீர்கள் என்று நாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, ஏறத்தாழ அதே பாடம்.

முதல் பருவத்தின் தொடக்கம் சரியாக அமையவில்லை. புதிய அணிதானே, இந்த ஆண்டு இப்படித்தான் போகும் என்று எண்ணத்தக்க தொடக்கம். ஆனால் பருவம் முடிந்தபோது 28 ஆட்டங்களில் 17 வெற்றிகளுடன் நான்காம் இடத்தில் இருந்தது. அரையிறுதியில், முந்தைய ஆண்டின் சாம்பியனான மெல்போர்ன் யுனைடெட் அணியை 2-1 என்று வென்றது. முதல் ஆண்டிலேயே இறுதித் தொடர்! ஆனால் 2022 மே மாதம் நடந்த அந்த இறுதியில் சிட்னி கிங்ஸ் அணியிடம் 3-0 என்று முழுமையாகத் தோற்றது. ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. இரண்டாம் பருவம் அரையிறுதியோடு முடிந்தது.

மூன்றாம் பருவம் 2023-24. வழக்கமான சுற்றில் 28 ஆட்டங்கள், 16 வெற்றி, 12 தோல்வி, மூன்றாம் இடம். தோல்விகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பன்னிரண்டு முறை தலைகுனிந்து களத்தைவிட்டு வெளியேறிய அணி அது. அரையிறுதியில் எதிரே நின்றது பெர்த் வைல்ட்கேட்ஸ், பத்து முறை பட்டம் வென்று தொடரின் வரலாற்றிலேயே முன்னிலையில் இருக்கும் அணி. தீர்மானிக்கும் மூன்றாம் ஆட்டம் பெர்த் நகரிலேயே நடந்தது. ஜாக்ஜம்பர்ஸ் வென்றது.

இறுதித் தொடரில் மீண்டும் மெல்போர்ன் யுனைடெட். வழக்கமான சுற்றை முதலிடத்தில் முடித்த அணி. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்குப் பட்டம். முதல் ஆட்டத்தில் ஜாக்ஜம்பர்ஸ் 20 புள்ளிகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்றது. இரண்டாம் ஆட்டத்தைத் தன் மண்ணில் வென்றது. மூன்றாவது மெல்போர்னில். கடைசி வினாடிகளில் ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், ஜாக் மெக்வே என்ற வீரர் வெகு தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது: 93-91. இனி ஊர் திரும்பி நான்காவதை வென்றால் போதும் என்று தீவே காத்திருந்தபோது, சொந்த மண்ணிலேயே தோற்றது. ஆக, எல்லாம் ஐந்தாம் ஆட்டத்தில் வந்து நின்றது. அதுவும் எதிராளியின் அரங்கில்.

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அன்று ரமளானின் இருபதாம் நோன்பு. மாலையில் இஃதிகாஃப் இருப்பவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழையும் நாள். லைலத்துல் கத்ரைத் தேடும் கடைசிப் பத்தின் வாசல். அன்று ஜாக்ஜம்பர்ஸ் 83-81 என்று வென்றது. 28 ஆட்டங்களும் அரையிறுதியும் இறுதித் தொடரும் கடந்து, கடைசியில் பட்டத்தைத் தீர்மானித்தது இரண்டே புள்ளிகள். அணி தொடங்கி மூன்றாம் பருவத்திலேயே சாம்பியன். இறுதித் தொடரின் சிறந்த வீரராக மெக்வே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தராவீஹுக்கு முன் அந்த மாணவன் வந்து, “ஹஜரத், எறும்பு ஜெயித்துவிட்டது” என்றான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். பின்பு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “முதல் ஆண்டில் மூன்று ஆட்டமும் தோற்றார்களே, அப்போதே அணியைக் கலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” பதில் சொல்லாமல் நின்றான். பிறகு, “என்னைச் சொல்கிறீர்களா?” என்றான். ஆம் என்றேன்.

கூடைப்பந்தை ஹிஃப்ழுடன் ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அல்லாஹ்வின் வேதம் எங்கே, ஒரு விளையாட்டு எங்கே! ஆனால் கற்றலின் இயல்பைப் பிள்ளைகளுக்கு விளக்க அவர்கள் அறிந்த ஒன்றைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. நேற்று ஓதிய பாடம் இன்று மறந்துபோவதும், திரும்ப ஓதுவதும், மீண்டும் தடுமாறுவதும் ஹிஃப்ழின் பகுதிகளே. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கும்போது, மெதுவாக மனனம் செய்யும் பிள்ளையைத் தோற்றவன் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? தீவின் மருத்துவர்கள் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைத் தேற்றுவதைப்போல, தடுமாற்றங்களைச் சிறிது சிறிதாகத் தாங்கக் கற்ற பிள்ளைதான் பின்னாளில் பெரிய சோதனையிலும் நிலைகுலையாமல் நிற்பான் என்பது என் அனுபவம். இதைத்தான் பெருநாளுக்குப் பின் அவன் தந்தையிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “சரி ஹஜரத், உங்கள் பொறுப்பு” என்று கூறிச் சென்றார்.

இனி அடுத்த ஆண்டுக்கு வருவோம்; கதை அந்த வெற்றியோடு முடிந்துவிடவில்லை. மெக்வே அமெரிக்காவின் ஹூஸ்டன் அணிக்குச் சென்றுவிட்டார். 2024-25 பருவத்தில் ஜாக்ஜம்பர்ஸ் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. சாம்பியனாக இருந்த அணி, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டுப் பட்டம் இல்லவாரா ஹாக்ஸ் அணிக்குச் சென்றது. ஐந்தாண்டுகளுக்கு முன், 2019-20 பருவத்தில், 28 ஆட்டங்களில் ஐந்தே வெற்றிகளுடன் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. அதற்கு முன் அவர்கள் பட்டம் வென்றது 2001இல்.

மாணவன் இதைச் சொன்னபோது சற்று வாடியிருந்தான். அவனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நபி (ஸல்) அவர்களின் ‘அள்பா’ என்ற ஒட்டகத்தின் செய்தியைச் சொன்னேன். எந்த ஒட்டகத்தாலும் முந்த முடியாத ஒட்டகம் அது. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் வருத்தமாயிற்று. உலகில் எந்தப் பொருள் உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தை நபியவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அண்ணலாரின் ஒட்டகத்திற்கே அந்த நியதி உண்டென்றால், ஓர் அணிக்கு இல்லாமல் போகுமா? நம் செல்வத்திற்கும் பதவிக்கும் உடல்வலிமைக்கும் இல்லாமல் போகுமா? அந்தச் செய்தியில் இன்னொன்றும் உண்டு. ஓட்டப்போட்டியில் ஒட்டகத்தை விடுவதை நபியவர்கள் வெறுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடி, ஒருமுறை தோற்றும் பின்னொரு முறை வென்றும் இருக்கிறார்கள். உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்கு மலர்ச்சியும் தரும் விளையாட்டை நம் மார்க்கம் தடுக்கவில்லை.

தடுப்பது வேறொன்றை. சூதாட்டத்தை அது மதுவுடன் சேர்த்துத் தடை செய்திருக்கிறது. விளையாட்டைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. 1981இல் பட்டம் வென்ற லான்செஸ்டன் அணியின் முழுப் பெயர் ‘லான்செஸ்டன் கேசினோ சிட்டி’. அணியின் பெயரிலேயே சூதாட்ட விடுதி! இன்றும் ஆஸ்திரேலியாவில் விளையாட்டு ஒளிபரப்புகளின் ஊடே பந்தய விளம்பரங்கள் பெருகிக் கிடக்கின்றன. அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று, பீட்டா மர்பி என்ற பெண் உறுப்பினரின் தலைமையில் ஆராய்ந்து, இணையச் சூதாட்ட விளம்பரங்களை மூன்றாண்டுகளில் படிப்படியாக முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்று 2023 ஜூனில் பரிந்துரைத்தது. முஸ்லிம்கள் சிறுபான்மையினராக உள்ள ஒரு நாட்டின் மக்கள் பிரதிநிதிகள், தம் பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தனர். நம் இளைஞர்கள் கைப்பேசியில் ‘சும்மா ஒரு நூறு ரூபாய்’ என்று தொடங்கும் பந்தயச் செயலிகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அணி தோற்றால் மாலைநேர வருத்தம். பந்தயம் தோற்றால் வீட்டு அரிசிப் பானை காலி.

தொழுகை நேரமும் அவ்வாறே. பாங்கு ஒலிக்கும்போது பந்து கீழே வைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் முற்றத்தின் சட்டம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது பாங்கு சொல்பவர் தொண்டையைச் செருமும் ஒலி கேட்டதுமே பந்தை எடுத்து வைத்துவிட்டு உளூவுக்கு ஓடுகிறார்கள்.

அந்த மாணவன் இன்னும் என்னிடமே ஓதுகிறான். வேகம் பெரிதாகக் கூடிவிடவில்லை. தடுமாற்றமும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் ஒருநாளும் பாடத்திற்கு வராமல் இருந்ததில்லை. இப்போது பத்தொன்பதாம் ஜுஸ்உவில் இருக்கிறான். சென்ற மாதம் ‘அந்நம்ல்’ அத்தியாயத்தைத் தொடங்கினான். எறும்பு பேசும் வசனத்தை மூன்று நாட்கள் விடாமல் ஓதி, நான்காம் நாள் பிழையின்றி ஒப்புவித்தான்.

அந்த வசனத்தை அடுத்து வருவது நபி ஸுலைமான் (அலை) அவர்களின் துஆ. உலகில் எவருக்கும் கிட்டாத ஆட்சியைப் பெற்றிருந்தவர்கள், ஓர் எறும்பின் சொல்லைக் கேட்டு நின்றார்கள். தம் வலிமையைப் பற்றிப் பேசாமல் நன்றி செலுத்தும் உள்ளத்தைக் கேட்டார்கள். வென்றவர்கள் அந்தத் துஆவைக் கற்க வேண்டும். தோற்றவர்கள், தன் கூட்டத்தை விட்டுவிட்டு ஓடாத அந்த எறும்பிடம் கற்க வேண்டும். நம்மில் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் வென்றவராகவும் இன்னொரு பருவத்தில் தோற்றவராகவும் இருக்கத்தான் போகிறோம்.

பின்தங்கிய பிள்ளைகளிடம் பொறுமை காட்டும் பெற்றோர்களாகவும் ஆசிரியர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. வெற்றியில் நன்றியையும் தோல்வியில் ஸப்ரையும் நமக்குத் தந்தருள்வானாக. நம் பிள்ளைகளின் நெஞ்சங்களில் அவனது வேதத்தை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.